மனநோய்க்கும் உண்டு அவசர சிகிச்சை

நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சு வலி வருகிறது. வீட்டில் என்ன செய்வார்கள்? 108-க்குப் போன் செய்வார்கள். ஆட்டோவோ வேனோ கிடைத்தால் அதில் ஏற்றுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள்.

இன்னொரு வீட்டில் ஒருவர் மூன்று நாட்களாகத் தூங்கவில்லை. யாரோ தன்னைக் கொல்ல வருவதாகக் கத்துகிறார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடுகிறார். அந்த வீட்டில் என்ன செய்வார்கள்? சிலர் கயிற்றைத் தேடுவார்கள். சிலர் மந்திரவாதியைத் தேடுவார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று சொல்லப் பல வீடுகளில் ஆள் இருப்பதில்லை.

இரண்டுமே அவசரம்தான். இரண்டுக்குமே ஆஸ்பத்திரியில் சிகிச்சை உண்டு. நம் நாட்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

மனநோய் அபூர்வமான நோய் அல்ல. 2015-16ஆம் ஆண்டுகளில் பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனை நாடு தழுவிய ஆய்வு ஒன்றை நடத்தியது. பெரியவர்களில் ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு ஏதாவது ஒரு மனநலக் குறைபாடு இருப்பது அதில் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை என்பதும் தெரிந்தது.

மனதுக்கு எது அவசரம்?

கவலையும் துக்கமும் எல்லோருக்கும் வரும். அவை எல்லாம் அவசரம் அல்ல. ஆனால் கீழே உள்ளவை அவசரம்.

* சாக வேண்டும் என்று ஒருவர் பேசுவது, அல்லது அதற்கு முயல்வது.
* இல்லாத குரல் கேட்கிறது, இல்லாத உருவம் தெரிகிறது என்று பயந்து ஓடுவது.
* தன்னையோ பிறரையோ தாக்குவது.
* உண்ணாமல், பேசாமல், அசையாமல் கிடப்பது.
* நன்றாக இருந்தவர் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் உளறுவது.
* பிரசவமான சில நாட்களில் தாய் தூக்கம் இழந்து, பயந்து, குழந்தையைப் பார்க்கவே மறுப்பது.

இப்படிப்பட்டவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போக வேண்டும். இதைக் 'கேஷுவாலிட்டி' என்றும் சொல்வார்கள். மாவட்ட ஆஸ்பத்திரியில் இது இரவும் பகலும் திறந்திருக்கும்.

அங்கே மனநல மருத்துவர் இருப்பாரா? பல இடங்களில் அந்த நேரத்தில் இருக்க மாட்டார். நம் நாட்டில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. ஆகவே, முதலில் பார்ப்பவர் டியூட்டி டாக்டரும் நர்சும்தான். அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது மிகவும் முக்கியம்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்

ஒருவர் உளறுகிறார். அது மனநோய்தானா? உடனே சொல்லிவிட முடியாது. உடம்பில் வரும் பல நோய்கள் மனநோய் போலவே தோன்றும். ஒரு தாய் தன் மகனை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"காலையிலிருந்து உளறுகிறான் சிஸ்டர். எங்களையே அடிக்க வருகிறான். ஏதோ காத்து கருப்பு அடித்துவிட்டது போல."

"பயப்படாதீங்க அம்மா. இவருக்குச் சர்க்கரை வியாதி உண்டா?"

"உண்டு. ஊசி போட்டுக்கொள்வான். இன்று ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் போய்விட்டான்."

நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறார். சர்க்கரை மிகவும் குறைந்திருக்கிறது. உடனே நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். சில நிமிடங்களில் அவர் தெளிவாகப் பேசுகிறார். தன்னைச் சுற்றி ஏன் இத்தனை பேர் என்று கேட்கிறார்.

அவரை மந்திரவாதியிடம் கொண்டு போயிருந்தால் என்ன ஆகும்? உயிரே போயிருக்கலாம்.

அதனால்தான் நல்ல டாக்டர் முதலில் சிலவற்றைப் பார்க்கிறார். மூச்சு, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம், காய்ச்சல், சர்க்கரை ஆகியவை அவை. தலையில் அடிபட்டதா என்று கேட்கிறார். வலிப்பு வந்ததா என்று கேட்கிறார். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கிறார்.

குடிப் பழக்கத்தைப் பற்றியும் கேட்பார். அதை மறைக்கக் கூடாது. நெடுநாள் நிறையக் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களில் கை நடுங்கும். வியர்த்துக் கொட்டும். சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். வலிப்பும் வரலாம். இதற்கு உடனே மருந்து கொடுக்காவிட்டால் சாவு கூட நேரலாம். கொடுத்தால் பிழைத்துக்கொள்வார். இவரைப் 'பைத்தியம்' என்று சொல்லித் திருப்பி அனுப்புவது பெரிய தவறு.

மனநோயாளிக்கும் உடம்பு வலிக்கும்

இன்னொரு தவறும் நடக்கிறது. ஒரு பெண் பல வருடங்களாக மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு ஒரு நாள் நெஞ்சு வலிக்கிறது. பழைய சீட்டைப் பார்த்ததும், "இது மனசு சம்பந்தப்பட்டது. வீட்டுக்குப் போங்கள்" என்று சொல்லிவிடுகிறார்கள். ஈ.சி.ஜி. எடுப்பதில்லை.

மனநோய் உள்ளவருக்கு மாரடைப்பு வராதா? குடல்வால் வீங்காதா? காசநோய் வராதா? எல்லாம் வரும். சில மனநோய் மருந்துகளால் உடல் எடையும் சர்க்கரையும் கூடுவது உண்டு. ஆகவே, அவர் வலி என்று சொன்னால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

சில நேரம் பரிசோதனையில் எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் அவருக்கு மூச்சு முட்டும். நெஞ்சு படபடக்கும். செத்துவிடுவோம் என்ற பயம் வரும். இது ஒரு வகைப் பீதி நோய். அவர் நடிக்கவில்லை. அவர் படும் வேதனை உண்மை. "ஒன்றுமில்லை, எழுந்து போ" என்று சொன்னால் அவருக்கு அவமானமாக இருக்கும். "உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது. இந்தப் பயத்துக்கும் சிகிச்சை உண்டு. நாளை மனநலப் பிரிவுக்கு வாருங்கள்" என்று சொன்னால் அவருக்கு ஒரு வழி தெரியும்.

பேச்சும் மருந்துதான்

பயந்து கத்துகிறவரை எப்படி அமைதிப்படுத்துவது? அனுபவமுள்ள நர்சுகள் இப்படிச் செய்வார்கள்.

* கூட்டத்தை விலக்குவார்கள். சத்தம் குறைந்த ஓர் இடத்தில் உட்கார வைப்பார்கள்.
* ஒருவர் மட்டும் பேசுவார். மெதுவாகப் பேசுவார்.
* பெயர் சொல்லி அழைப்பார். 'நீ, வா, போ' என்று பேச மாட்டார்.
* தொடுவதற்கு முன் சொல்வார். "ரத்த அழுத்தம் பார்க்கிறேன். கையில் பட்டை கட்டுவேன்" என்பார்.
* குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்.
* கத்தி, கண்ணாடி போன்றவற்றை அப்புறப்படுத்துவார்.
* அவர் சொல்வதைக் கேட்பார். "குரல் எதுவும் கேட்கவில்லையே" என்று வாதாட மாட்டார். "உங்களுக்குப் பயமாக இருக்கிறது. இங்கே நாங்கள் இருக்கிறோம்" என்பார்.

இதிலேயே பலர் அடங்கிவிடுவார்கள். முடிந்தால் மாத்திரை கொடுப்பார்கள். அதுவும் முடியாதபோதுதான் ஊசி. ஊசி போட்ட பிறகு அப்படியே விட்டுவிடக் கூடாது. மூச்சையும் நாடியையும் அடிக்கடி பார்க்க வேண்டும்.

கட்டிப் போடுவது சிகிச்சை அல்ல

2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி தமிழ்நாட்டில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. அங்கே மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் அவர்களால் ஓட முடியவில்லை. நாடே அதிர்ந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. எந்த விதத்திலும், எந்த வடிவத்திலும் கூடாது என்கிறது.

ஒருவர் உடனே தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருக்கலாம். வேறு எந்த வழியும் இல்லாமல் போகலாம். அப்போது மட்டும் அவரைக் கட்டுப்படுத்தி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. சிகிச்சைக்குப் பொறுப்பான மனநல மருத்துவர் அனுமதி தர வேண்டும். காரணத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும். தேவையான நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் நீடிக்கக் கூடாது. பக்கத்தில் ஊழியர் இருந்து கவனிக்க வேண்டும். தண்டனையாகச் செய்யக் கூடாது. "ஆள் பற்றாக்குறை, அதனால் கட்டினோம்" என்றும் சொல்லக் கூடாது.

ஒரு மணி நேரப் பேச்சு காத்த உயிர்கள்

தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருகிறார்கள். அவர் கேட்கும் முதல் சொல் எது? சில இடங்களில் ஏச்சுதான். "பிள்ளை குட்டியை விட்டுவிட்டுச் சாகப் பார்த்தாயா?" என்று திட்டுவார்கள். அவரோ ஏற்கனவே வெட்கத்தில் இருக்கிறார். இந்தச் சொல் அவரை இன்னும் கீழே தள்ளும்.

உயிரைக் காப்பது முதல் வேலை. அது முடிந்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது. அவரிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். "இப்போதும் சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் இருப்பதைச் சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். வீட்டில் அடி உதை இருக்கலாம். கடன் தொல்லை இருக்கலாம். உறவினர் பக்கத்தில் நின்றால் அவர் வாய் திறக்க மாட்டார். அதனால்தான் தனியாகக் கேட்க வேண்டும்.

பேசினால் என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் இதைச் சோதித்துப் பார்த்தது. சென்னை, இலங்கையின் கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில் அந்த ஆய்வு நடந்தது. தற்கொலைக்கு முயன்று அவசர சிகிச்சைக்கு வந்த 1867 பேர் அதில் இருந்தார்கள்.

அவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை கிடைத்தது. மற்றப் பிரிவுக்கு அதோடு இன்னும் ஒன்று செய்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு மணி நேரம் பேசினார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை போன் செய்தோ, நேரில் போயோ விசாரித்தார்கள்.

முடிவு 2008ஆம் ஆண்டு வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 1000 பேருக்கு 22 பேர் என்ற அளவில் தற்கொலையால் இறந்திருந்தார்கள். பேசி, விசாரித்து வந்த பிரிவில் அது 1000 பேருக்கு 2 பேர் என்ற அளவுதான். இதற்கு விலை உயர்ந்த இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்க ஒரு மனிதர் தேவைப்பட்டார்.

ஆகவே, காயம் ஆறியது என்று உடனே வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. மனநல மருத்துவர் ஒரு முறை பார்க்க வேண்டும். வீட்டில் கூட இருக்கப் போவது யார் என்று கேட்க வேண்டும். பூச்சி மருந்தையும் மாத்திரைகளையும் பூட்டி வைக்கச் சொல்ல வேண்டும். மறுபடி வர வேண்டிய தேதியைச் சீட்டில் எழுதித் தர வேண்டும்.

போலீசுக்குப் பயப்பட வேண்டுமா?

தற்கொலைக்கு முயன்றால் ஒரு வருடம் வரை சிறை என்று பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது. 309ஆவது பிரிவு என்று அதைச் சொல்வார்கள். அதற்குப் பயந்து பலர் ஆஸ்பத்திரிக்கே போகவில்லை. சிலர் தெரியாமல் மருந்தைக் குடித்துவிட்டதாகப் பொய் சொன்னார்கள். பொய் சொன்னால் டாக்டர் எப்படிச் சரியாக உதவ முடியும்?

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்று அது சொன்னது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொன்னது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி புதிய தண்டனைச் சட்டம் வந்தது. அதில் பழைய 309ஆவது பிரிவு இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கவோ, மிரட்டிக் காரியம் சாதிக்கவோ தற்கொலைக்கு முயன்றால் மட்டுமே அது குற்றம்.

விஷம், காயம் என்றால் ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் எழுதுவது வழக்கம். அதற்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது. உயிரைக் காப்பதே முதல் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. அது அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் பொருந்தும்.

சட்டம் தரும் உரிமைகள்

* உடல் நோயாளிக்குக் கிடைக்கும் அதே தரமான அவசர சிகிச்சை மனநோயாளிக்கும் கிடைக்க வேண்டும். ஆம்புலன்சும் அப்படியே.
* அவசரத்தில் பதிவு பெற்ற எந்த டாக்டரும் மனநோய்க்கு முதல் சிகிச்சை தரலாம். பொதுவாக அது 72 மணி நேரம் வரை. அதற்குள் மனநல மையத்தில் காட்ட வேண்டும்.
* மின் அதிர்ச்சி சிகிச்சையை இந்த அவசர சிகிச்சையாகச் செய்யக் கூடாது.
* கட்டாயமாக மொட்டை அடிக்கக் கூடாது.
* நோயைப் பற்றிய விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும்.
* மனநோயோடு தெருவில் திரிபவரைப் போலீசார் லாக்கப்பில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.
* வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு மனநலச் சிகிச்சை இலவசம். அதற்குரிய அட்டை இல்லாவிட்டாலும் இலவசம்தான்.
* குறை இருந்தால் முதலில் பொறுப்பு டாக்டரிடம் புகார் செய்யலாம். தீரவில்லை என்றால் மனநல மறுஆய்வு வாரியத்திடம் போகலாம்.

ஊழியர்களின் கஷ்டம்

அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்வது எளிதல்ல. ஒரு பக்கம் விபத்தில் அடிபட்டவர். ஒரு பக்கம் பிரசவ வலி. ஒரே டாக்டர், இரண்டு நர்சுகள். நடுவில் ஒருவர் கத்துகிறார். ஊழியருக்கும் பயம் வரும். கோபம் வரும். மனநோயைப் பற்றி ஊரில் இருக்கும் தப்பான எண்ணம் அவர்களிடமும் இருக்கலாம்.

இதற்கு வழி பயிற்சிதான். 1980-களில் கர்நாடகத்தில் பெல்லாரி மாவட்டத்தில் நிம்ஹான்ஸ் ஒரு முயற்சி செய்தது. சாதாரண சுகாதார நிலைய டாக்டர்களுக்கும் ஊழியர்களுக்கும் மனநோயைப் பற்றிக் கற்றுக் கொடுத்தது. அவர்களால் மனநோயைக் கண்டுபிடிக்கவும் சிகிச்சை தரவும் முடிந்தது. அதைப் பார்த்துத்தான் 1996ஆம் ஆண்டு மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. கற்றுக் கொடுத்தால் எல்லா ஊழியர்களாலும் முடியும்.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

* பழைய சீட்டு, சாப்பிடும் மாத்திரை எல்லாவற்றையும் கையோடு கொண்டு போக வேண்டும்.
* விஷம் குடித்திருந்தால் அந்தப் பாட்டிலையும் கொண்டு போக வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும்.
* எப்போது தொடங்கியது, எத்தனை நாள் தூக்கமில்லை, குடிப் பழக்கம் உண்டா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.
* நோயாளி பக்கத்தில் அவர் நம்பும் ஒருவர் மட்டும் இருந்தால் போதும்.
* என்ன மருந்து, எதற்காக, மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பத்திரி தூரமாக இருந்தாலும், யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டாலும் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இதன் பெயர் டெலி-மானஸ். மத்திய அரசு இதை 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

மனநோய் யாருக்கும் வரலாம். இன்று பக்கத்து வீட்டுக்காரர், நாளை நம் வீட்டில் ஒருவர். வந்தவரை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி வைக்க யாருக்கும் உரிமை இல்லை. உள்ளே அழைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்பது நம் உரிமை.

கூடிப் பேசுங்கள்

1. உங்கள் ஊருக்கு அருகில் இரவிலும் திறந்திருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவு எங்கே இருக்கிறது?
2. உங்கள் மாவட்ட ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர் எந்தெந்த நாட்களில் பார்க்கிறார்? கேட்டு எழுதி வையுங்கள்.
3. திடீரென்று உளறுபவரைப் பார்த்தால் உங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள்? இனி என்ன செய்யலாம்?
4. 14416 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். இன்னும் படிக்கத் தெரியாதவருக்கு அதைச் சொல்லிக் கொடுங்கள்.